தகரக் கூரைக்குக் கீழ சரவுண்ட் எடுபடுமோ?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணை வணக்கம். எங்கட பழைய ரீவிக்கு போன மாரியில இடி விழுந்து பழுதாப்போச்சுது. தம்பி சுவிஸில இருந்து காசு அனுப்பியிருக்கிறான், பெரிசா ஒண்டு எடு எண்டு. கிளிநொச்சியில ஒரு கடையில 55 இஞ்சி ஒண்டைக் காட்டி, இதுக்குள்ளயே சரவுண்ட் கிடக்கு, டொல்பி அட்மோஸ், இனி உங்களுக்கு வேற ஸ்பீக்கரே தேவையில்லை எண்டுகினம். மற்றக் கடைக்காரர், அதை விடுங்கோ, சாதாரண ரீவி ஒண்டும் 5.1 ஹோம் தியேட்டர் செற் ஒண்டும் எடுங்கோ, ரெண்டும் சேத்து அதே காசுதான் எண்டுறார். அம்மாவுக்கு 72 வயசு, நாடகத்தில என்ன கதைக்கினம் எண்டு ஒரு வசனத்துக்கு மூண்டு தரம் என்னட்டக் கேப்பா. மகன் ஏ.எல். படிக்கிறான், அவனுக்குப் படம் ஓடேக்க வீடு அதிரவேணுமாம். எங்கட வீடு வீட்டுத்திட்ட வீடு, சீற் போட்டது, சீலிங் அடிக்கேல்லை. எதை எடுக்கிறது?
– வாசகி, மல்லாவி

பதில்: தங்கச்சி, கடைசியா எழுதினீங்களே சீலிங் அடிக்கேல்லை எண்டு, பாதிப் பதில் அதுக்குள்ளயே கிடக்கு.

சரவுண்ட் எண்டா சத்தம் எங்களைச் சுத்தி எல்லாப் பக்கத்தாலயும் வாறது, அதில மேலாலயும் வரச்செய்யிற அட்மோஸ் எண்டது 2012இல தியேட்டர்களுக்கு வந்த சாமான். அங்க மேல முகட்டில உண்மையான ஸ்பீக்கர் பூட்டியிருப்பாங்கள், ஹெலி பறந்தா அது தலைக்கு மேலால போற மாதிரிக் கேக்கும். வீட்டு ரீவிக்குள்ள அதைச் செய்யிறதெண்டா ரெண்டு வழி. ஒண்டு, சத்தத்தை மேல பாத்து அடிச்சு சீலிங்கில தெறிச்சு உங்கட தலைக்கு வரச்செய்யிறது. மற்றது கணக்குப் போட்டுக் காதை ஏமாத்திறது. முதலாவதுக்கு சீலிங் தட்டையா, சிமெந்து மாதிரி இறுக்கமா இருக்கவேணும், உயரமும் அளவா இருக்கவேணும். உங்கட வீட்டில மேல போற சத்தம் சரிஞ்ச சீற்றில பட்டு எங்கயோ ஒரு மூலைக்குத் தெறிச்சு, மிச்சம் சீற்றுக்கும் சுவருக்கும் இடையில இருக்கிற நீக்கலால வெளிய போய் மாமரத்தில இருக்கிற காகத்துக்குத்தான் கேக்கும். கடையில வடிவாக் கேட்டிருக்கும், இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா அந்தக் கடைக்கு சீலிங் இருந்ததோ எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

ரெண்டாவது வழிதான் இப்ப கனக்க ரீவியளில இருக்கிறது. இடப்பக்கத்தில இருந்து ஒரு சத்தம் வந்தா அது இடக்காதுக்கு முதல் வரும், வலக்காதுக்கு ஒரு செக்கனை ஆயிரமாப் பிரிச்சா அதில ஒரு பங்குக்கும் குறைஞ்ச நேரம் பிந்தி வரும், தலை மறைக்கிறதால கொஞ்சம் மெலிஞ்சும் வரும். மூளை இதை வைச்சுத்தான் சத்தம் எந்தப் பக்கம் எண்டு கண்டுபிடிக்கிறது. ரீவிக்குள்ள இருக்கிற சிப் இந்தப் பிந்தலையும் மெலிவையும் தானே செயற்கையாச் செய்து, பின்னால ஸ்பீக்கர் இருக்கிற மாதிரி ஒரு பொய் சொல்லும். நல்லாச் செய்தா கெட்டிக்காரத்தனமான பொய்தான். ஆனா அந்தக் கணக்கு ரீவிக்கு நேர நடுவில, தலையை ஆட்டாம இருக்கிற ஒரு ஆளுக்குத்தான் சரியா வரும், உங்கட வீட்டில அம்மா கதிரையில, மகன் பாயில, நீங்கள் குசினி வாசலில உள்ளியை உரிச்சுக்கொண்டு. பக்கத்துச் சுவரில தெறிச்சு வாறதையும் சில மொடல் நம்பியிருக்கும், எங்கட வெக்கைக்கு யன்னல் கதவு எல்லாம் அகலத் திறந்து கிடக்கேக்க அதிலயும் பாதி முத்தத்துக்குப் போயிடும்.

இனி அம்மாவின்ர பிரச்சினைக்கு வாறன், என்ர கணக்கில அதுதான் பெரிய பிரச்சினை. வயசு போகப் போக காது முதலில விடுறது உச்சத்தில இருக்கிற மெல்லிய சத்தங்களை. ஆ, ஓ எண்ட உயிரெழுத்து நல்லாக் கேக்கும், ச, த, ப, க எண்டு பிரிச்சுக் காட்டிற அந்தச் சின்னச் சின்ன உரசல்தான் கேக்காது. அப்ப அவவுக்கு ஆரோ கதைக்கினம் எண்டு தெரியும், என்ன கதைக்கினம் எண்டு விளங்காது. நீங்கள் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவியள், பின்னணி மியூசிக்கும் சேந்து கூடும், அவ இன்னும் எரிச்சலாவா. இப்பத்தை ரீவி தகடு மாதிரி மெல்லிசு, ஸ்பீக்கரைக் கீழ பாத்தோ பின்சுவரைப் பாத்தோ வைச்சிருப்பாங்கள், உச்ச சத்தமோ ரோச் லைட் வெளிச்சம் மாதிரி நேர போற சாமான், முகம் திரும்பியிருந்தா மெலிஞ்சிடும். அம்மாவுக்கு எது வேணுமோ அதைத்தான் ரீவி சுவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கு. முந்தின 21 இஞ்சிக் குண்டு ரீவியில ஸ்பீக்கர் எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தது, உள்ள பெட்டியும் ஆழம், அதில அம்மாவுக்கு விளங்கினது எண்டு நீங்களே இப்ப ஞாபகம் எடுப்பியள்.

அதால என்ர தீர்ப்பு: படம் நல்லா இருக்கிற சாதாரண ரீவி ஒண்டு எடுங்கோ, அட்மோஸ் லேபலுக்கு ஒரு சதமும் கூடக் குடுக்காதேங்கோ, மிச்சக் காசில தனி ஸ்பீக்கர் வாங்குங்கோ. ஆனா மற்றக் கடைக்காரர் சொல்லுற 5.1 செற்றும், அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு தும் தும் பெட்டியும், வேண்டாம். மலிவான செற்றில அஞ்சு ஸ்பீக்கரும் சவர்க்காரப் பெட்டி அளவில இருக்கும், ஒரு பெரிய தும் தும் பெட்டி வரும், கீச்சுச் சத்தத்துக்கும் தும் தும் சத்தத்துக்கும் நடுவில, மனுசற்ற குரல் இருக்கிற இடத்தில ஒண்டும் இருக்காது. அதோட நாடகம், செய்தி, யூடியூப் எல்லாம் அனேகமா இடம், வலம் எண்டு ரெண்டு சனல் சத்தம்தான், பின்னால வைக்கிற ரெண்டு பெட்டிக்கும் அதில சொல்ல ஒரு சொல்லும் இல்லை, சும்மா எட்டுக்கால் பூச்சி கூடு கட்டும். படம் பாக்கேக்க மட்டும் வேலை, அதுவும் 5.1இல வாற படமெண்டால்.

நல்ல ரெண்டு பெட்டி, ஒவ்வொண்டும் ஒரு பால்மாத் தகரத்தை விடப் பெரிசா, முன்னுக்கு ரீவிக்கு ரெண்டு பக்கமும், நீங்கள் இருக்கேக்க காது எந்த உயரமோ அந்த உயரத்தில. அலுமாரிக்கு மேல ஏத்தி வைச்சிட்டுப் பிறகு எனக்குக் கடிதம் போடாதேங்கோ. ரெண்டு பெட்டிக்கும் இடையில எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் தள்ளி, சரி நடுவில அம்மாவின்ர கதிரை. ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே வசனத்தைச் சொல்லேக்க நடுவில இருக்கிறவைக்கு அது திரையில நிக்கிற ஆளின்ர வாயில இருந்து வாற மாதிரியே கேக்கும், அந்த இடத்தை மகனுக்கு விட்டுக்குடுக்க வேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ. வயர் இழுக்க விருப்பமில்லை, பெட்டி வைக்க இடமில்லை எண்டா சவுண்ட் பார், அதில 3.1 எண்டு போட்டது பாருங்கோ, நடுவில குரலுக்கெண்டு தனி ஸ்பீக்கர் இருக்கும். 2.1 பாரைவிட அம்மாவுக்கு அது நல்லம்.

வாங்கேக்க ஒண்டு கவனிக்கவேணும். ரீவியிலயும், பெட்டியளை ஓட்டிற அம்ப்பிலயும் (அம்ப்ளிஃபயர்), படமும் சத்தமும் ஒரே வயரில போற எச்.டி.எம்.ஐ. ஓட்டைக்குப் பக்கத்தில ஏ.ஆர்.சி. எண்டு எழுதியிருக்கோ பாருங்கோ. 2009க்குப் பிறகு வந்த ஏற்பாடு அது, ஒரு வயரிலயே ரீவிச் சத்தம் அம்ப்புக்கு வந்திடும், ரீவி றிமோட்டாலயே கூட்டிக் குறைக்கலாம், அம்மா ரெண்டு றிமோட்டை வைச்சு மல்லுக்கட்டத் தேவையில்லை. அது இல்லாட்டி ஒப்டிக்கல் வயர் போடலாம், அதுவும் காணும்.

இன்னொரு காரணமும் இருக்கு, அது எங்கட பக்கத்து ஆக்களுக்கு மட்டும் விளங்கும். உள்ளுக்கயே எல்லாம் இருக்கிற ரீவியில சத்தம் போனா முழு ரீவியையும் தூக்கிக்கொண்டு போகவேணும், பார்ட்ஸ் கொழும்பில இருந்து வரவேணும் எண்டுவாங்கள், நீங்கள் மல்லாவிக்கும் கிளிநொச்சிக்கும் இடையில பஸ்ஸில நடப்பியள். என்ர ரீவி ஒண்டு அப்பிடிப் போய் ரெண்டு மாதம் கடையில கிடந்தது, திரும்பி வரேக்க மூலையில கீறல் வேற. ஸ்பீக்கர் தனிய இருந்தா ஸ்பீக்கரை மட்டும் கழட்டிக்கொண்டு போகலாம். ரீவி ஏழெட்டு வருசத்தில பழசாகும், நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கர் இருபது வருசம் இருக்கும்.

மகனுக்கு ஆறுதல்: அடுத்த வருசம் தம்பி திரும்பக் காசு அனுப்பினா சப்வூபர், அதுதான் அந்தத் தும் தும் பெட்டி, ஒண்டு சேக்கலாம். எங்க வைக்கிறதெண்டு கண்டுபிடிக்க ஒரு பம்பலான வழி, சப்பைத் தூக்கி நீங்கள் இருந்து பாக்கிற கதிரையில வைச்சு ஒரு பாட்டைப் போட்டிட்டு, மகனைச் சுவர்க்கரையோட முட்டுக்காலில தவளச் சொல்லுங்கோ, அதிர்வு எந்த இடத்தில ஒரே சீராக் கேக்குதோ அந்த இடத்தில சப்பை வைக்கிறது. மூலையில வைச்சா அதிர்வு கூடும், ஆனா சீற்றும் சேந்து பாடும், குறிப்பிட்ட ஒரு தாளத்துக்கு மட்டும் கூரை ஆணியள் சிர்ர்ர் எண்டும், எங்கட வீட்டில முதல் ஸ்பீக்கர் உடைஞ்சிட்டுது எண்டு நான் ரெண்டு நாள் தேடினான். ஐப்பசி கார்த்திகையில சீற்றில மழை கொட்டேக்க எந்தக் கொம்பனிக்காரன்ர ஸ்பீக்கரும் தோக்கும், அப்ப அம்மாவுக்கு கதையை நீங்கள்தான் சொல்லவேணும்.

கேள்வி: அண்ணை, நான் பாவிச்ச அம்ப் ஒண்டும் ரெண்டு பெட்டியும் வாங்கினான். 3000 வோட்ஸ் பி.எம்.பி.ஓ. எண்டு அடிச்சிருக்கு. ஆனா பேஸ் இல்லவே இல்லை, ஆக்கள் கதைக்கிறது எங்க இருந்து வருது எண்டே தெரியேல்லை, தலைக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடக்கு. ஏமாந்திட்டனோ?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, 3000ஐ மறந்திடுங்கோ. பி.எம்.பி.ஓ. எண்டதுக்கு ஒரு பொது அளவுமுறையே கிடையாது, ஒரு கண் மூடித் திறக்கிற நேரத்தில வரக்கூடிய உச்சத்தை அவனவன் தன்ர பாட்டில பெருக்கி எழுதிறது. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து குடுக்கக்கூடிய வோட்ஸ், எவ்வளவு போட்டிருக்கு எண்டு பின்பக்கம் பாருங்கோ, 20, 30 எண்டு இருந்தாலும் ஒரு ஹோலுக்குத் தாராளம். வோட்ஸை ரெட்டிப்பாக்கினாலும் கூடிறது 3 டெசிபல்தான், அது காதுக்குக் கொஞ்சம், காதுக்கு ரெட்டிப்பாக் கேக்கவேணுமெண்டா பத்து மடங்கு வோட்ஸ் வேணும்.

ஆனா நீங்கள் ஏமாறேல்லை எண்டு நினைக்கிறன். பேஸ் இல்லை, குரல் தலைக்குள்ள கேக்குது எண்டா நூற்றுக்குத் தொண்ணூறு வயர் மாறிக் கிடக்கு. ஒரு பெட்டியில சிவப்பும் கறுப்பும் சரி, மற்றதில மாறி. ஒரு ஸ்பீக்கர் காத்தை முன்னால தள்ளேக்க மற்றது பின்னால இழுக்கும், ரெண்டும் ஒண்டை ஒண்டு விழுங்கிவிடும், முதல்ல விழுங்குப்படுறது பேஸ்.

இப்பிடிச் செய்யுங்கோ. அம்ப்பை நிப்பாட்டி வயரை அம்ப்பில இருந்து கழட்டுங்கோ. பெட்டியின்ர முன்துணியை எடுத்துவிட்டு, 1.5 வோல்ட் ரோச் பட்டரி ஒண்டை எடுத்து, சிவப்பு முனையில இருந்து வாற வயரை பட்டரியின்ர மொட்டுப் பக்கத்திலயும் மற்றதை அடிப்பக்கத்திலயும் ஒரு செக்கன் தொட்டு எடுங்கோ, தொட்டபடி பிடிச்சுக்கொண்டு நிக்கவேண்டாம். டப் எண்டு ஒரு சத்தம் வரும், பெரிய கூம்பு முன்னுக்கு வந்தா வயர் சரி, உள்ளுக்குப் போனா மாறிக் கிடக்கு. கண்ணுக்குத் தெரியாட்டி விரல் நுனியை மெதுவா வைச்சுப் பாருங்கோ. ரெண்டு பெட்டியும் ஒரே பக்கம் அசையவேணும், அவ்வளவுதான். பெட்டிக்குள்ளயே ஆரும் திருத்தேக்க மாத்தி ஒட்டியிருப்பாங்கள், அதையும் இந்தப் பட்டரி காட்டிக்குடுத்திடும்.

இதில எனக்கு ஒரு பழைய கதை. தொண்ணூறுகளில வன்னியில கரண்ட் இல்லை, பட்டரி வாறதுக்கும் தடை, சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி ஆராவது பெடியன் பெடலைச் சுத்த டைனமோவில றேடியோ கேட்ட காலம், செய்தி முடியுமட்டும் அவன் களைக்கக்கூடாது. அந்த நேரம் உடைஞ்ச றேடியோவில கழட்டின ஸ்பீக்கர் ஒண்டைச் சும்மா மேசையில வைச்சா கீச்சுக் கீச்சு எண்டும், அதையே வெறும் மண்குடத்தின்ர வாயில பின்பக்கம் உள்ளுக்கு இருக்க வைச்சா சத்தம் உடனே தடிக்கும். கூம்பின்ர முன்பக்கத்துச் சத்தமும் பின்பக்கத்துச் சத்தமும் ஒண்டுக்கொண்டு எதிர், குடம் பின்பக்கத்தை அடைச்சு வைக்கிறதால ரெண்டும் மோதாது. உங்கட பெட்டி செய்யிற வேலையும் அதுதான், குடத்தைச் சதுரமாச் செய்திருக்கிறாங்கள். அதால பின் மரத்தில வெடிப்புக் கிடந்தா மரப்பசை போட்டு அடையுங்கோ.

கேள்வி: ஐயா, ரீவியை புளூடூத் ஸ்பீக்கரோட பூட்டியிருக்கிறம். வாய் அசைஞ்சு முடிஞ்ச பிறகுதான் சத்தம் வருது. என்ர மனுசி பேய்ப்படம் மாதிரி இருக்கு எண்டுறா.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: புளூடூத் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி மற்றப் பக்கத்தில திரும்ப விரிக்கிறதுக்கு நேரம் எடுக்கும், சாதாரணமா ஒரு செக்கனில பத்தில ஒரு பங்கு, ரெண்டு பங்கு பிந்தும். பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, வாயைப் பாத்துக்கொண்டிருக்கேக்க பிடிபட்டிடும். ரீவி செற்றிங்கில ஓடியோ டிலே எண்டு ஒண்டு இருக்கும், அதைக் கூட்டினா சத்தம் இன்னும் பிந்தும், கூட்டிப்போட்டு ரீவி பழுது எண்டு திட்டவேண்டாம், பூச்சியத்தில விடுங்கோ. ஸ்பீக்கரின்ர பின்பக்கம் கெட்போன் ஓட்டை மாதிரி ஒண்டு இருந்தா ஒரு வயர் வாங்கி ரீவியில இருந்து நேர போடுங்கோ, வாயும் சத்தமும் சேந்திடும். பேய்ப்படத்துக்கு மட்டும் கழட்டலாம்.

கேள்வி: இடி மின்னலுக்கு ஸ்டெபிலைசர் காணுமோ? ரீவி, அம்ப், டிஷ் பொக்ஸ் மூண்டும் ஒரே பிளக்கில இருக்கு.
– வாசகி, ஓமந்தை

பதில்: காணாது அக்கா. ஸ்டெபிலைசர் கரண்ட் கூடிக் குறையிறதுக்கு. இடி வரேக்க டிஷ் வயராலயும் வரும், பொக்ஸுக்குள்ள போய், எச்.டி.எம்.ஐ. வயரால ரீவிக்குப் போய், அங்க இருந்து அம்ப்புக்கும் போய் எல்லாருக்கும் ஒரேயடியா அலுவல் முடிச்சிடும், மல்லாவித் தங்கச்சியின்ர ரீவியும் அப்பிடித்தான் போயிருக்கும் எண்டு நினைக்கிறன். பங்குனி சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேரம் வானம் கறுத்தா பிளக்கையும் கழட்டுங்கோ, டிஷ் வயரையும் பொக்ஸில இருந்து கழட்டுங்கோ. சுவிச்சை மட்டும் நிப்பாட்டிறது காணாது, அந்தச் சின்ன இடைவெளியை இடி சிரிச்சுக்கொண்டு தாண்டும்.

கரண்ட் போய் வாறதும் அப்பிடித்தான். 2022இல பதின்மூண்டு மணித்தியாலம் வெட்டின காலத்திலயும் சரி, 2025 பெப்ரவரி 9 பாணந்துறையில ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கின நேரத்திலயும் சரி, கரண்ட் திரும்பி வரேக்கதான் கனபேரின்ர சாமான் போறது. போனவுடன கழட்டி, வந்து பத்து நிமிசத்தால பூட்டுங்கோ. ரீவிக்குப் பின்னால 100–240 வோல்ட் எண்டு போட்டிருந்தா ஸ்டெபிலைசர் அதுக்குத் தேவைப்படாது, பாரமான ட்ரான்ஸ்போமர் இருக்கிற பழைய அம்ப்புக்கு வையுங்கோ.

கேள்வி: அப்பா பாவிச்ச பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு பத்தாயத்துக்குப் பின்னால கிடந்து எடுத்தனான். பெட்டி திறம், கூம்பைச் சுத்தியிருக்கிற வளையம் மட்டும் தொட்டவுடன மா மாதிரி உதிருது. எறியிறதோ?
– வாசகர், பரந்தன்

பதில்: எறிஞ்சா எனக்கு விலாசத்தை அனுப்புங்கோ, நான் வந்து பொறுக்கிறன்.

உதிர்றது பஞ்சு வளையம், வெக்கையிலயும் ஈரத்திலயும் பதினைஞ்சு இருபது வருசத்தில தானா இத்துப்போகும். காந்தமும் சுருளும் அனேகமா நல்லாத்தான் இருக்கும். பகிடி என்னெண்டா அந்த வளையத்துக்கும் பேர் சரவுண்ட்தான், ஆக உங்களுக்குத் தேவைப்படுற சரவுண்ட் மிச்சம் மலிவு. கூம்பின்ர விட்டத்தையும் வெளி இரும்புச் சட்டத்தின்ர விட்டத்தையும் அடிமட்டத்தால அளந்து, அதே அளவுக்கு றப்பர் வளையம் வாங்குங்கோ, பஞ்சு வேண்டாம். பழைய பசையைச் சுரண்டேக்க கூம்பு கடதாசி, பொறுமையா. முதல் கூம்பில ஒட்டி, காய விட்டு, பிறகு சட்டத்தில ஒட்டி, பசை இறுக முதல் ரெண்டு பெருவிரலாலயும் கூம்பை ரெண்டு பக்கமும் ஒரே அளவாய் அமத்தி விட்டுப் பாருங்கோ. சத்தமில்லாமப் போய் வந்தா அப்பிடியே ராத்திரி முழுக்க விடுங்கோ. கரகர எண்டு உரசினா நடுவுக்கு வரேல்லை, கழட்டித் திரும்ப ஒட்டவேணும்.